நாகசாகியின் கயிற்றுத் திரைக்குப் பின்னால் எதைக் கட்டியிருக்கலாம்?

1930-களின் கடைசியில் ஜப்பானின் கியூஷூ பக்கத்து மீன்பிடி ஊர்களில் பனைநார்க் கயிற்றுக்குத் தட்டுப்பாடு வந்தது. யாரோ மொத்தமாக வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பது மட்டும்தான் மீனவர்களுக்குத் தெரிந்தது. வாங்கியது நாகசாகியில் இருந்த மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளம். அங்கே எழும்பிக்கொண்டிருந்த ஒரு கப்பல் ஊரார் கண்ணில் படக் கூடாது என்பதற்காக அந்தக் கயிற்றைத் திரையாகப் பின்னி, கட்டுமேடையைச் சுற்றித் தொங்கவிட்டார்கள். 1940 நவம்பர் 1 அன்று கப்பல் நீரில் இறங்கியது. கரையோரக் குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. துறைமுகமோ குறுகலானது. அவ்வளவு பெரிய இரும்பு உடல் சரிந்து இறங்கியதும் எழுந்த அலை எதிர்க்கரை வீடுகளுக்குள் புகுந்து பாய்களை நனைத்துவிட்டது.

அந்தக் கப்பலின் பெயர் முசாஷி. யமாடோ வகையில் இரண்டாவது. எந்தக் காலத்திலும் எந்த நாடும் இதைவிடக் கனமான பீரங்கிப் போர்க்கப்பலைக் கட்டியதில்லை.

யமாடோவையும் முசாஷியையும் பற்றிப் பேச்சு வந்தால் 46 சென்டிமீட்டர் பீரங்கியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. எனக்கு உறுத்துகிற கேள்வி அந்த மேடையைப் பற்றியது. அந்த மேடையும் அந்த எஃகும் அந்த ஆட்களும் அந்த நாலு வருடமும் வேறு எதற்குப் போயிருக்கலாம்? ஜப்பானியக் கடற்படைக்குள்ளேயே இதற்கு நான்கு பதில்கள் இருந்தன. நான்கையும் முன்வைத்தவர்கள் சீருடை அணிந்த அதிகாரிகள்தான். நடந்து முடிந்த பிறகு நாம் கண்டுபிடித்துச் சொல்கிற பதில்கள் இல்லை அவை.

முதலில் கையில் என்ன இருந்தது என்று பார்த்துவிடலாம். 1940-இல் ஜப்பானின் எஃகு உற்பத்தி 70 லட்சம் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்காவில் அதே ஆண்டு சுமார் 6 கோடி டன். ஜப்பானிய உலைகளில் உருகிய பழைய இரும்பில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. எண்ணெயிலும் ஏறக்குறைய 80 சதவீதம் அங்கிருந்துதான். மிகப் பெரிய கப்பலைக் கட்டிப் பழகிய தளங்கள் நாடு முழுவதும் நான்கே: கூரே, யோகோசுகா என்ற கடற்படைத் தளங்கள் இரண்டு, நாகசாகி மிட்சுபிஷி, கோபே கவாசாகி. ஒன்றைக் கட்டினால் இன்னொன்று நிற்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் நான்கு வழிகளையும் எடைபோட வேண்டும்.

முதல் வழி, போட்டிக்கே போகாமல் இருப்பது. இதைச் சொன்னவர் கடற்படை அமைச்சர் கட்டோ டொமோசாபுரோ. 1921-22 வாஷிங்டன் மாநாட்டில் ஜப்பானின் தலைமைப் பிரதிநிதி அவர்தான். அப்போது எட்டு போர்க்கப்பல்களும் எட்டு வேகப் போர்க்கப்பல்களும் கொண்ட பெரும் திட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, கடற்படைச் செலவு அரசின் மொத்த வரவுசெலவில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியிருந்தது. அமெரிக்காவுக்கு 5, பிரிட்டனுக்கு 5, ஜப்பானுக்கு 3 என்ற விகிதத்துக்கு கட்டோ சம்மதித்தார். அவருடைய வாதத்தை இப்போது படித்தாலும் தெளிவாகவே இருக்கிறது. பணம் இல்லாமல் போர் இல்லை. ஜப்பான் போரிட வாய்ப்புள்ள நாடு அமெரிக்கா. போருக்குக் கடன் கொடுக்கக்கூடிய நாடும் அதே அமெரிக்கா. அப்படியிருக்க, நாட்டின் பாதுகாப்பு படைக்காரர்கள் மட்டும் பார்த்துக்கொள்கிற வேலை இல்லை என்றார்.

அதே தூதுக்குழுவில் இருந்த கட்டோ கான்ஜி இதை ஏற்கவில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவரும் உறவு இல்லை. பசிபிக்கைத் தாண்டி வருகிற அமெரிக்கப் படையைத் தோற்கடிக்க அதன் பலத்தில் 70 சதவீதமாவது நமக்கு வேண்டும், 60 போதாது என்பது அவர் தரப்பு. அந்தப் பத்து சதவீதத்துக்காகக் கடற்படை இரண்டு அணிகளாகப் பிளந்தது. கடைசியில் ஜெயித்தது கான்ஜியின் அணிதான். 1934 டிசம்பரில் ஜப்பான் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது, 1936 ஜனவரியில் லண்டன் மாநாட்டிலிருந்து எழுந்து வந்தது, அந்த ஆண்டு முடிவில் ஒப்பந்தம் காலாவதியானது.

இப்போது அடுத்தடுத்து நடந்ததைப் பாருங்கள். ஒப்பந்தம் இருந்த காலத்தில் அமெரிக்கா தனக்கு அனுமதிக்கப்பட்ட அளவைக்கூட நிரப்பவில்லை. அந்த அளவுவரை கட்டலாம் என்று அதன் நாடாளுமன்றம் சட்டம் போட்டதே 1934-இல்தான். ஒப்பந்தம் போன பிறகு 1938-இல் இன்னொரு சட்டம். 1940 ஜூலையில், பிரான்ஸ் வீழ்ந்த ஒரு மாதத்துக்குள், ஒரே சட்டத்தில் 13 லட்சத்து 25 ஆயிரம் டன். அதில் விமானம் தாங்கிக் கப்பல்கள் மட்டும் 18. ஜப்பானியத் திட்டக்காரர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 1941 முடிவில் நம் பலம் அமெரிக்காவில் 70 சதவீதம் இருக்கும், 1943-இல் 50 ஆகும், 1944-இல் 30 ஆகிவிடும். 60 போதாது என்று ஒப்பந்தக் கயிற்றை அறுத்தவர்கள் 30-இல் வந்து நின்றார்கள். அந்தக் கயிறு இரண்டு பேர் கையையும் கட்டியிருந்தது, பெரியவன் கையை இன்னும் இறுக்கமாக. அந்தச் சரிவைப் பார்த்த பதற்றமும் 1941-இல் 'இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை' என்ற மனநிலைக்கு ஒரு காரணம். முதல் வழியைக் கைவிட்டது மற்ற வழிகள் எல்லாவற்றையும் சேர்த்து நெருக்கியது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, அந்தக் கதவு மூடியாகிவிட்டது. 1937-இல் மூன்றாம் கட்டுமானத் திட்டம் வருகிறது. ஜப்பானியர்கள் இதை வட்டத்துக்குள் 3 என்று எழுதுவார்கள். முன்பு ஒன்று, இரண்டு, பின்னால் நான்கு, ஐந்து என்று இந்த வரிசை நீளும். இங்கேதான் இரண்டாவது வழி, அதாவது எண்ணிக்கையில் முடியாததை அளவில் சாதிப்பது, முடிவாகிறது.

இந்த யோசனையை முட்டாள்தனம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. அதற்கு ஒரு தர்க்கம் இருந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல் அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு வர பனாமா கால்வாயில் நுழைய வேண்டும், கால்வாயின் மடைகள் சுமார் 33 மீட்டர் அகலம். யமாடோவின் அகலம் ஏறக்குறைய 39 மீட்டர். அந்த அகலம் இருந்தால்தான் 46 சென்டிமீட்டர் பீரங்கிகள் ஒன்பதைச் சுமக்க முடியும். எதிரியின் குண்டு எட்டாத தூரத்தில் நின்று 40 கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கலாம். அமெரிக்கா இதற்கு ஈடாகக் கட்ட நினைத்தால் கால்வாயை விட்டுவிட வேண்டும். 1905-இல் சுஷிமா கடலில் ரஷ்யக் கப்பற்படையை ஒரே மோதலில் அழித்த நினைவு ஒவ்வொரு அதிகாரிக்கும் பாடமாக இருந்தது. மறுபடியும் அப்படி ஒரு நாள் வரும், அன்று இவை நிற்கும் என்று நம்பினார்கள்.

கூரேயில் யமாடோவுக்கு 1937 நவம்பரில் அடிக்கட்டை போட்டார்கள். படையில் சேர்ந்தது 1941 டிசம்பர் 16, பேர்ல் துறைமுகத் தாக்குதல் முடிந்து எட்டு நாள் கழித்து. ஒரு கப்பலுக்குச் சுமார் 13.7 கோடி யென். அந்தத் தொகையைப் பார்த்தே வெளிநாட்டார் அளவை ஊகித்துவிடுவார்கள் என்பதால், ஒருபோதும் கட்டப்போகாத நாசகாரி எனப்படும் சிறிய, வேகமான போர்க்கப்பல்களையும் ஒரு நீர்மூழ்கியையும் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதி, செலவை அவற்றின் பெயரில் பிரித்து மறைத்தார்கள். கட்டியவர்களின் திறமையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூரேயில் நிஷிஜிமா ரியோஜி என்ற பொறியாளர் பொருளையும் ஆள்நேரத்தையும் கணக்கிட்டு, பகுதி பகுதியாகக் கட்டிப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்து வேலையைச் சிக்கனமாக முடித்தார். அவ்வளவு நல்ல கைகள் எதற்குச் செலவாயின என்பதுதான் மனதை வருத்துகிறது.

காத்திருந்த அந்த நாள் வரவில்லை. யமாடோ தன் பெரும் பீரங்கியால் எதிரிக் கப்பல்களை நோக்கிச் சுட்டது 1944 அக்டோபர் 25 அன்று சமார் தீவுக்கு அருகே ஒரே ஒருமுறை. எதிரே இருந்தவை சிறிய விமானம் தாங்கிகளும் நாசகாரிகளும். அதற்கு முந்தின நாள்தான் முசாஷி விமானத் தாக்குதலில் மூழ்கியிருந்தது. 1945 ஏப்ரல் 7 அன்று யமாடோவும் விமானங்களாலேயே போனது.

மூன்றாவது வழி வானம். பின்னாளில் ஜப்பானியக் கப்பற்படையின் தலைமைத் தளபதியான யமமோட்டோ இசொரோக்கு 1930-களிலேயே பெரும் போர்க்கப்பல்கள் வேண்டாம் என்று வாதாடியவர். யமாடோவுக்குப் பணம் ஒதுக்கிய அதே திட்டத்தில் ஷோகாகு, சுய்காகு என்ற இரண்டு விமானம் தாங்கிகளும் இருந்தன. ஒன்றுக்குச் சுமார் 8.4 கோடி யென். இரண்டு யமாடோவின் விலைக்கு மூன்று ஷோகாகு வரும். ஷோகாகு யோகோசுகாவில் 1941 ஆகஸ்டிலும் சுய்காகு கோபேயில் செப்டம்பரிலும் தயாராகி, டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தைத் தாக்க ஹவாய் வரை போய்வந்தன. 1942 ஏப்ரலில் இவை இரண்டும் வேறு மூன்று தாங்கிகளோடு நம் கடலுக்கே வந்தன. 5-ஆம் தேதி கொழும்பு, 9-ஆம் தேதி திருகோணமலை, அன்றே மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டனின் விமானம் தாங்கி ஹெர்மெஸ் மூழ்கியது. சென்னையில் மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியது அந்த வாரம்தான். போட்ட பணத்துக்கு வேலை செய்த கப்பல்கள் எவை என்று கேட்டால் பதிலில் தயக்கமே இல்லை.

ஆனாலும் இந்த வழிக்கும் ஒரு எல்லை உண்டு, அதைப் பலர் பேசுவதில்லை. விமானம் தாங்கி என்பது கப்பல் மட்டும் அல்ல. அதன் மேல் தளத்தில் இறங்கத் தெரிந்த விமானிகள் வேண்டும், அவர்களை உருவாக்க வருடங்கள் ஆகும், பறந்து பழக எண்ணெய் வேண்டும். 1942 ஜூனில் அமெரிக்காவுடன் நடந்த மிட்வே சண்டையில் நான்கு தாங்கிகள் போனதும் பதினைந்து உன்ரியு வகைத் தாங்கிகளுக்குத் திட்டம் போட்டார்கள். மூன்று மட்டுமே முடிந்தன, அவையும் 1944-இல். அப்போது அவற்றில் ஏற்றப் பயிற்சி பெற்ற விமானிகள் இல்லை. அமெரிக்காவில் தொழிலதிபர் கைசரின் கப்பல் கட்டும் தளம் ஒன்று மட்டும் 1943 ஜூலையிலிருந்து ஒரே ஆண்டில் 50 சிறிய தாங்கிகளைக் கொடுத்துவிட்டது. யமாடோவை விட்டுவிட்டு மூன்று ஷோகாகு கூடுதலாகக் கட்டியிருந்தால் 1942 மாறியிருக்கலாம். 1944 மாறியிருக்காது.

ஜுன்யோ, ஹியோ ஆகியவை பயணிக் கப்பல்களாகத் தொடங்கிப் பாதியில் தாங்கிகளாக மாற்றப்பட்டவை. மாற்றுவதற்கு எளிதாக இருக்கும்படி கட்ட, கப்பல் நிறுவனத்துக்குக் கடற்படை முன்பே மானியம் கொடுத்திருந்தது. சாமர்த்தியமான ஏற்பாடு. ஆனால் இப்படி ஒவ்வொரு முறையும் நாட்டின் போக்குவரத்துக் கப்பல் ஒன்று குறைந்தது.

அப்புறம் நான்காவது வழி. எனக்கு இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

1941 ஜனவரியில் கடற்படை விமானத் துறையின் தலைவர் இனோவே ஷிகேயோஷி ஓர் அறிக்கை எழுதி அமைச்சர் ஒயிகாவா கோஷிரோவிடம் கொடுத்தார். ஐந்தாம் கட்டுமானத் திட்டத்தில் மேலும் மூன்று பெரும் போர்க்கப்பல்கள், அதில் இரண்டுக்கு 51 சென்டிமீட்டர் பீரங்கி என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கா கட்டுகிற ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று பட்டியல் போடுவது பழைய காலத்துப் புத்தி என்று இனோவே எழுதினார். அமெரிக்காவை ஜப்பான் வென்று அடிபணிய வைக்க முடியாது, அமெரிக்காவால் ஜப்பானை முடியும். வரப்போகிற போர் தீவுத் தளங்களைப் பிடிக்கிற போர். அதற்கு நிலத்திலிருந்து பறக்கும் விமானங்களும் நீர்மூழ்கிகளும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடல்வழிப் போக்குவரத்தைக் காக்க வேண்டும், அது அறுந்தால் நாடு விழும். நடந்தது வரிக்கு வரி அதுதான். அந்த ஆகஸ்டில் அவரைத் தலைநகரை விட்டு பசிபிக்கின் ட்ரக் தீவில் இருந்த நான்காம் கப்பற்படைக்கு அனுப்பினார்கள்.

கடற்படைக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. 1917-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகளிடமிருந்து நேச நாட்டுக் கப்பல்களைக் காக்க ஜப்பானிய நாசகாரிகள் மால்டாவைத் தளமாக வைத்து மத்தியதரைக் கடலில் வழித்துணை போயிருக்கின்றன. பார்த்தார்கள், செய்தார்கள், திரும்பி வந்து சுஷிமாவையே படித்தார்கள். மூன்றாம் திட்டத்தில் காவல் கப்பல்கள் என்று இருந்தவை நான்கு, ஷிமுஷு வகை. அவையும் வடக்கே மீன்பிடிக் கடலைக் காக்க நினைத்துக் கட்டியவை.

போர் தொடங்கும்போது ஜப்பானிடம் சுமார் 60 லட்சம் டன் வணிகக் கப்பல்கள் இருந்தன. பாதிக்கு மேல் தரைப்படையும் கடற்படையும் எடுத்துக்கொண்டன. முதல் ஆண்டில் 8 முதல் 10 லட்சம் டன் போகும், பிறகு இழப்பு குறையும், ஆண்டுக்கு 6 லட்சம் டன் கட்டிச் சமாளிக்கலாம் என்று 1941 இறுதியில் மதிப்பிட்டார்கள். முதல் ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வந்தது. பிறகு குறையவில்லை. 1944-இல் மட்டும் 35 லட்சம் டன்னுக்கும் மேல் மூழ்கியது. அந்த ஆண்டு தளங்கள் உயிரைக் கொடுத்துக் கட்டியது சுமார் 17 லட்சம் டன். அடித்தட்டு ஒன்றே ஒன்று, பலமில்லாத எந்திரம், வேலைக்குக் கைதிகளும் மாணவர்களும்கூட என்ற நிலையில் கட்டிய கப்பல்கள் அவை. தெற்கிலிருந்து நாட்டுக்கு வர வேண்டிய அரிசியும், பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவும், எண்ணெயும் கடலடியில் கிடந்தன.

கப்பல் வழியைக் காக்க ஒரு தனித் தலைமையகம் அமைந்தது 1943 நவம்பரில். அதன் முதல் தளபதி ஒயிகாவா கோஷிரோ. இனோவேயின் அறிக்கையை இரண்டே முக்கால் வருடம் முன்பு கையில் வாங்கிய அதே மனிதர்.

அதற்குப் பிறகுதான் உண்மையான காவல் கப்பல்கள் வரத் தொடங்கின. சி வகை, டி வகை என்ற இரண்டு. இவற்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கப்பலின் வளைவுகளை எல்லாம் எடுத்துவிட்டு, தட்டைத் தகடுகளாகவே வெட்டி, பகுதிகளைத் தனியே வெல்டிங் செய்து கொண்டுவந்து மேடையில் இணைத்தார்கள். டி வகைக்கு வணிகக் கப்பலுக்காகத் தயாரான நீராவி டர்பைனையே போட்டார்கள். இரண்டு மூன்று மாதத்தில் ஒரு கப்பல் இறங்கியது. இதே வெல்டிங்கை இதற்கு முன் ஏன் செய்யவில்லை என்றால், 1935-இல் புயலில் சிக்கிய நான்காம் கப்பற்படையின் நாசகாரிகள் இரண்டின் முகப்பு முறிந்து போனது. பழி வெல்டிங் மேல் விழுந்தது. முக்கியப் பாகங்களுக்கு மறுபடியும் ரிவெட், அதாவது ஆணி அடித்து இணைப்பது, என்று பின்வாங்கினார்கள். ஒரு புயலின் பயம் எட்டு வருடம் நீடித்தது. 1939-இலேயே இந்தத் தட்டைக் கப்பலை வரைந்திருந்தால், யமாடோ ஒன்றின் எஃகுக்கு எத்தனை டஜன் கிடைத்திருக்கும்!

இந்த வழியைத் தேர்ந்தெடுக்காததற்கான விலை நம் வீட்டு வாசல்வரை வந்தது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குப் பொருள் போக வேண்டும். மலாக்கா நீரிணை வழியே ரங்கூனுக்குப் போகும் கடல்பாதையில் நேச நாட்டு நீர்மூழ்கிகளும் விமானங்களும். கப்பலும் பற்றாக்குறை, காவலும் பற்றாக்குறை. அதனால் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காடு மலைகளைக் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள், 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபருக்குள். போர்க்கைதிகளோடு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களின் பெயர்ப் பட்டியல்கூட முழுதாக இல்லை. கப்பல் போக முடியாத கடலுக்குப் பதிலாக மனிதர்களைக் கொண்டு போட்ட பாதை அது. காவல் கப்பல் ஏன் இல்லை என்ற கேள்வியை வெறும் கடற்படை நுணுக்கமாக என்னால் படிக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

போருக்கு நடுவிலும் ஒருமுறை தேர்வு செய்யும் வாய்ப்பு வந்தது. யோகோசுகாவில் யமாடோ வகையின் மூன்றாவது கப்பல் பாதியில் நின்றிருந்தது. மிட்வேக்குப் பிறகு அதை விமானம் தாங்கியாக மாற்றுவது என்று முடிவானது. பெயர் ஷினானோ. அவசர அவசரமாக முடித்து 1944 நவம்பர் 19 அன்று படையில் சேர்த்தார்கள். 28-ஆம் தேதி மாலை, நீர் புகாக் கதவுகளின் வேலை முடியாமல், குழாய்கள் போகும் துளைகள் அடைபடாமல், தளத் தொழிலாளர்களையும் ஏற்றிக்கொண்டு கூரேக்குப் புறப்பட்டது. மறுநாள் அதிகாலை ஆர்ச்சர்ஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் நான்கு டார்பிடோக்கள். துளை வழியே அறைக்கு அறை நீர் ஏறியது, காலை பதினொரு மணிக்குள் மூழ்கிவிட்டது. ஏறக்குறைய 1,400 பேர் இறந்தார்கள். நாலரை வருடம் ஒரு பெரும் உலர்துறையைப் பிடித்துக்கொண்டிருந்த கப்பல் கடலில் இருந்தது ஒரு நாள்கூட இல்லை.

என்னைக் கேட்டால் வரிசை இப்படித்தான். 1936-இல் அந்த நாற்காலியில் இருந்தால் கட்டோ டொமோசாபுரோவின் வழி, வேறு பேச்சே இல்லை. சீனாவில் நுழைந்துவிட்ட நாட்டுக்கு அது அரசியலில் கடினம் என்பது தெரியும், ஆனாலும் அது ஒன்றுதான் அமெரிக்கத் தளங்களைத் தூங்கவிட்டிருக்கும். அது போய்விட்ட பிறகு இனோவேயின் வழி, அதாவது காவல் கப்பலும் சரக்குக் கப்பலும் முதலில், கையில் இருக்கும் தாங்கிகளுக்கு விமானிகள் அடுத்து. புதிய தாங்கிகள் மூன்றாவது. நாகசாகியின் அந்தக் கயிற்றை மீனவர்களிடமே விட்டிருக்கலாம். நான்காவது வழிகூடப் போரை வென்று தந்திருக்காது, இனோவேயும் அப்படிச் சொல்லவில்லை. நாடு பட்டினி கிடந்திருக்காது, அவ்வளவுதான்.

1945 ஆகஸ்டில் சரணடைந்தபோது சீனாவிலும் தீவுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் லட்சக்கணக்கான ஜப்பானியர்கள் சிக்கிக்கிடந்தார்கள். அவர்களை வீட்டுக்குக் கொண்டுவர ஓடிய கப்பல்களில், இரண்டு மூன்று மாதத்தில் தட்டைத் தகடுகளால் கட்டிய அந்தக் காவல் கப்பல்கள் இருந்தன. விமானப் படையே கிடைக்காமல் போன உன்ரியு வகைத் தாங்கி கட்சுராகியும் இருந்தது. விமானக் கூடத்தில் படுக்கைகள் போட்டு, ஆயிரக்கணக்கில் ஆட்களை ஏற்றிக்கொண்டு 1946 முடியும்வரை போய்வந்தது.